கறி சுடும் அடுப்பில் பால் பொங்கிய கதை

மஞ்சக்காட்டுவலசு பைபாஸில், பெட்ரோல் பங்கு ஒரு பக்கமும் கல்யாண மண்டபம் ஒரு பக்கமும் காவல் நிற்க, தமயந்தி தன் பார்பிக்யூ கடைக்குச் சமையற்கட்டு போட்டபோது, அந்த ஊரில் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் ஒருவர்கூட இல்லை. பார்பிக்யூ என்றால் என்னவென்று தெரிந்த ஆளும் ஒருவர்கூட இல்லை. கறியைக் குழம்பில் போடாமல், எண்ணெயில் வறுக்காமல், கம்பியில் குத்தித் தணலில் வாட்டித் தருவதற்கு ஒரு கடையா, அதற்கு மேசை நாற்காலியா, அதைத் தின்ன ஈரோட்டிலிருந்து கார் பிடித்து வருவார்களா என்று கேட்டவர்கள் எல்லாரும், கேட்ட கையோடு உள்ளே வந்து, அடுப்பு எந்தத் திசை பார்க்க வேண்டும், கை கழுவும் தொட்டி எந்த மூலைக்கு வர வேண்டும், புகைபோக்கி எவ்வளவு உயரம் போக வேண்டும் என்று இலவசமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தகடு வேலைக்கு வந்த பட்டறைக்காரர், அடுப்புக்கு மேலே புகைக்கூண்டு மாட்டி முடிக்கிற வரைக்கும், "தோசைக்கல்லு எங்கீங் வெக்கறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தோசை கிடையாது என்று தமயந்தி சொன்னதை அவர் ஏதோ குடும்பச் சண்டையின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் ஓரத்தில் ஒரு தோசைக்கல் அளவுக்கு இடம் விட்டே தகட்டை வெட்டினார். தச்சர் அவருக்கும் மேலே போய், கரிமூட்டை அடுக்கும் இடத்துக்கு மேலே, யாரும் கேட்காமலே ஒரு சாமி மாடம் அடித்துக் கொடுத்தார்.

தமயந்தி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் அவள் வேலை பார்த்த காலமெல்லாம், கறியைக் கழுவியது அவள், தயிரும் மிளகாயும் இஞ்சிப்பூண்டும் அரைத்து ஊறப்போட்டது அவள், கம்பியில் கோத்தது அவள். தணல் முன்னால் நின்றது மட்டும் எப்போதும் ஒரு ஆம்பிளை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனாக இருக்கட்டும், கறியைக் கரிக்கட்டையாக்குகிறவனாக இருக்கட்டும், மீசை இருந்தால் போதும். பொம்பிளைக்குச் சூடு ஆகாது என்பார் அந்த ஓட்டலின் தலைமைச் சமையல்காரர்; அவர் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பில் வேகிறவள் யார் என்று அவருக்கு ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை. அதனால், தன் கடையில், தன் அடுப்பில், முதல் தணலைத் தன் கையால் மூட்டி, முதல் கம்பியைத் தன் கையால் திருப்ப வேண்டும் என்று தமயந்தி நினைத்தாள். இத்தனை சின்ன ஆசைக்கு யார் குறுக்கே வரப்போகிறார்கள் என்றும் நினைத்தாள். மனுஷர்களைப் பற்றி அவளுக்கு அப்போதும் நல்ல அபிப்பிராயம் இருந்தது.

சூடு தாங்குகிற செங்கல்லில், இடுப்பு உயரத்துக்கு, ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு அடுப்பு எழுந்து நின்றது. காங்கேயத்திலிருந்து கொட்டாங்கச்சியைச் சுட்டெடுத்த தேங்காய்த்தொட்டிக் கரி வந்து இறங்கியது. புதுக் கம்பிகள் சுவரில் வரிசையாகத் தொங்கின. அப்போதுதான் அவள் புருஷன் தெய்வசிகாமணி, வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது என்று சொன்னான்.

"பாலா? இது கறி சுடற அடுப்புங்க மாமா."

"எந்த அடுப்பா இருந்தா என்ன புள்ள, பால் பொங்காத அடுப்பு வெளங்குமா? எங்கக்கா வந்து காச்சித் தர்றேன்னு சொல்லிருச்சு."

"மொதல் தணல நான் மூட்டறனுங்க. என்ற அடுப்பு."

"நீ வந்தவ," என்றான் தெய்வசிகாமணி, இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்பதுபோல. "பொறந்தவ கையாலதான் பொங்கோணும். அது மொறை."

முறை என்ற சொல்லுக்கு அந்த ஊரில் அப்பீல் கிடையாது. குறித்த நாளில், அடுத்த தெருவிலிருந்து நடந்து வந்தால் மதிப்பில்லை என்று காரில் ஏறி, அந்தக் கார் திரும்புவதற்கே ஊரைச் சுற்றவேண்டியிருந்ததால் ஊரைச் சுற்றி, தெய்வசிகாமணியின் அக்கா சாரதாமணி பட்டுச்சேலை சரசரக்க வந்து இறங்கினாள். தமயந்தி மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கட்டிய அடுப்பில் சூடத்தை வைத்து, தேங்காய்த்தொட்டிக் கரியைப் பற்றவைத்து, புதுப் பித்தளைப் பானையை ஏற்றினாள். தமயந்தி பின்னால் சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது, புகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

பால் கிழக்கே பொங்கி வழிந்தால் நல்லது, வடக்கே வழிந்தாலும் பரவாயில்லை, தெற்கே வழிந்தால் பேச்சே வேண்டாம். இவ்வளவு பெரிய விஷயத்தைப் பாலின் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிற ஊர் அல்ல அது. கிழக்கே வழியட்டும் என்று தெய்வசிகாமணி யாரும் பார்க்காதபோது பானையின் மேற்குப் பக்கம் ஒரு ஓட்டாஞ்சில்லைச் சொருகினான். வடக்குதான் குபேரன் திசை என்று அவனுடைய சித்தப்பா தெற்குப் பக்கம் ஒன்றைச் சொருகினார். தன் வீடு மேற்கே இருப்பதால் அந்தப் பக்கமும் கொஞ்சம் வரட்டுமே என்று சாரதாமணி கிழக்குப் பக்கம் ஒன்றைச் சொருகினாள். கடைசியாக வந்த பட்டறைக்காரர், பானை கோணலாக நிற்பதைக் கண்டு தொழில் பக்தியில் மனம் பொறுக்காமல், ரசமட்டம் வைத்துப் பார்த்து வடக்கே ஒன்றைக் கொடுத்துச் சரிபண்ணினார். ஆகவே பானை அம்சமாக, மட்டமாக நின்றது. பால் நாலு பக்கமும் ஒன்றாகப் பொங்கி வழிந்தது. அவரவர் தங்கள் காரியம் பலித்தது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பொங்கோணும், பொங்கிட்டே இருக்கோணும்," என்று சாரதாமணி வாழ்த்தினாள். கூடியிருந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். அடுத்ததாக யாராவது போதும் என்று சொல்லிப் பானையை இறக்க வேண்டும். ஆனால் வருகிற செல்வத்தைப் போதும் என்று சொல்ல தெய்வசிகாமணிக்கு வாய் வரவில்லை. தன்னை இரண்டாம் தடவை கூப்பிடாமல் தானே இறக்குவது மரியாதையா என்று சாரதாமணி காத்திருந்தாள். சித்தப்பா நல்ல நேரம் முடியட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் பொங்கிக்கொண்டே இருந்தது. தணல் நீறு பூத்து அணைந்தது, பால் பொங்கியது. அணைந்த கரியைக் கரண்டியால் அள்ளி வெளியே கொட்டினார்கள். சில்லென்று கிடந்த செங்கல்லின் மேல் அது பாட்டுக்கு நுரைத்து எழுந்து வழிந்தது. கடைசியில் தமயந்தி முன்னால் வந்து, "போதும்," என்றாள். சொன்னது வந்தவள் என்பதால் பால் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி ஒரு தூக்குப்போசி கொண்டுவந்தாள், வீணாகப் போகிறதே என்று. அவளைப் பார்த்து இன்னொருத்தி குடம் கொண்டுவந்தாள். பொழுது சாய்வதற்குள் வரிசை பெட்ரோல் பங்கைத் தாண்டிவிட்டது, அதில் முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களைப் பார்த்து, இலவசம் என்றதும் எப்படிப் பறக்கிறார்கள் பாருங்கள் என்று வருத்தப்பட்டார்கள். பட்டறைக்காரர் தகட்டை வளைத்து அடுப்பைச் சுற்றி வாய்க்கால் அடித்து, தோசைக்கல்லுக்கென்று விட்டிருந்த இடத்தில் ஒரு குழாயைப் பொருத்தி, "நாந்தான் அப்பவே எடம் உட்டேனுங்களே," என்றார். மண்டபத்துக் கல்யாணங்களுக்குப் பாயசம் அங்கிருந்து போனது. வீட்டுக்கு வீடு தயிர் தேங்கி, தயிர் மோராகி, மோர் புளித்து, எருமைகளுக்கே மோர் ஊற்றினார்கள். எட்டு ஊர்ப் பூனைகள் வந்து பைபாஸ் ஓரத்தில் குடியேறி, ஓட முடியாத அளவுக்குப் பெருத்தன. ஊர் கொஞ்சநாளில் குறை சொல்ல ஆரம்பித்தது. பால் எந்நேரமும் சூடாகவே வருகிறதாம், ஆறவைக்க எவ்வளவு நேரமாகிறது, கூடவே கொஞ்சம் சர்க்கரையும் போட்டு வந்தால் என்ன குறைந்துவிடும் என்றார்கள்.

பால் சொசைட்டி செயலாளர் ஈஸ்வரமூர்த்தி தன் சோதனைக் குழலோடு வந்து, பாலில் அதை மிதக்கவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார்.

"கொழுப்பு கம்மிங்," என்றார்.

"அடுப்புல தானா ஊறுது. அதுல கொழுப்பு பாக்கறீங்களா?" என்று கேட்டாள் தமயந்தி.

"எங்க ஊறுனாலும் விதி ஒண்ணுதானுங்க. மாடு யாருதுன்னு சொல்லுங்க, உறுப்பினராச் சேத்திக்கலாம்."

உணவுத்துறையிலிருந்து வந்த ஒரு அதிகாரி, கடைக்குக் கொடுத்த அனுமதி கறி சுடுவதற்குத்தானே தவிரப் பால் வழிவதற்கு அல்ல என்றும், இனிமேல் கறி சுட்டால் அது பால் வழியும் இடத்தில் கறி சுட்ட குற்றமாகும் என்றும் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, வீட்டுக்கென்று ஒரு போசியை நிறைத்துக்கொண்டு போனார்.

அடுத்து ஊர்க்கூட்டம் நடந்தது. வெள்ளிக்கிழமை போக மற்ற நாளெல்லாம் கறி தின்கிற ஊர் அது. வெள்ளிக்கிழமையும் சாயங்காலத்துக்கு மேல் அவ்வளவு கண்டிப்பில்லை. பஞ்சாயத்துத் தலைவர், மத்தியானம் தின்ற ஆட்டுக்கறி பல்லிடுக்கில் மாட்டியிருந்ததை ஈர்க்குச்சியால் குத்திக்கொண்டே, "பொங்கற பாலுக்குப் பக்கத்துல கறி சுடறது மகா பாவமுங்க," என்றார். அதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் பானையை இறக்கிக் கீழே வைத்துவிடலாமே என்று தமயந்தி கேட்டபோது கூட்டம் அதிர்ந்துபோனது. பொங்குகிற பாலை இறக்கினால் குடும்பம் இறங்கிப்போகும், அதோடு ஊரும் இறங்கிப்போகும் என்று சித்தப்பா சொன்னார். பால் தானாக நிற்கிற வரைக்கும் கடை திறக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. பார்பிக்யூ என்ற பலகையின் மேல் மஞ்சள் துணியைப் போர்த்திவிட்டார்கள்.

ஆக, தமயந்தி தன் கடையில் என்ன செய்தாள் என்றால், தரை துடைத்தாள். வழிகிற பாலில் ஆள் வழுக்கி விழாமல் கோணி விரித்தாள், ஆடை படிந்த குழாயைக் குத்திவிட்டாள், வரிசையில் நடக்கிற சண்டைகளை விலக்கினாள், அகப்பை எடுத்து மோந்து ஊற்றினாள். விடிந்ததும் பழக்கம் விடாமல் கோழியை வாங்கி, கழுவி, ஊறப்போட்டு, கம்பியில் கோத்து வைப்பாள், அடுப்பு காலியாகாது, பொழுது போனதும் எடுத்துப் பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். அவர்கள் அதைக் குழம்பு வைத்தார்கள். நல்லா இருந்ததுங்க அக்கா, உப்புதான் கொஞ்சம் எச்சு என்று மறுநாள் வந்து சொல்வார்கள். கோயமுத்தூர் ஓட்டலிலாவது தன் கறியைத் தணலில் யாரோ ஒருவன் வைத்தான் என்று நினைத்தபோது, அவளுக்கு மனசு விட்டுப்போனது. ஒருநாள் கரிமூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஆத்திரம் பாலின் மேல் இல்லை; பாவம், அதைப் பொங்கச் சொன்னார்கள், பொங்குகிறது.

தெய்வசிகாமணிக்கு இந்த வாழ்க்கை ஒத்துப்போயிருந்தது. வெள்ளை வேட்டியும் விபூதியுமாக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சொந்தம் விட்டுப்போகாமல் வருகிற ஒறம்பறைகளிடம் பால் பொங்கிய கதையைச் சொல்வான். ஒவ்வொரு தடவையும் கதையில் அவன் பங்கு கொஞ்சம் கூடும்.

"ஏனுங்க மாமா," என்று ஒரு காலையில் தமயந்தி கேட்டாள், "நான் எதுக்கு இந்த அடுப்பு கட்டுனேன்?"

"பால் பொங்கத்தான் புள்ள. சாமி மொதல்லயே உன்ற மனசுல பூந்து கட்ட வெச்சிருக்குது." அவன் உண்மையாகவே அப்படி நம்பினான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சாரதாமணி குறை சொல்ல வந்தாள். பிறந்த வீட்டில் நல்ல காரியத்துக்குக் கை கொடுத்த பெண்ணுக்குச் சேலை, தேங்காய், பழம் என்று தட்டு வைத்துச் சீர் செய்து அனுப்புவது வழக்கம். பால் பொங்கிய அமளியில் அவளுக்குச் செய்த சீர் அவள் மனசுக்குப் போதவில்லை. வரிசையில் நின்ற ஊர் முழுக்கக் கேட்கும்படி நடுவாசலில் நின்று சொன்னாள்.

"சேலையில கரையே இல்ல. பழத்துல பாதி காய். எங்க மாமியாரு ஊட்டுல எல்லாம், பால் காச்சுன பொறந்தவளுக்கு அந்தப் பானையக் கழுவி, பொட்டு வெச்சுக் கையில குடுத்துத்தான் அனுப்புவாங்க. அதான் மொறை. இங்க அந்தப் பானையத் தொட்டுப் பாக்கக்கூட யாரும் என்னயக் கூப்புடல."

"அந்த மொறை இங்கயும் உண்டுங்களா நங்கையா?" என்று தமயந்தி நாத்தனாரைக் கேட்டாள்.

"மொறைன்னா எல்லா ஊருக்கும் மொறைதான்."

தமயந்தி வரிசையில் நின்ற பஞ்சாயத்துத் தலைவரைப் பார்த்தாள். அவர் போசியைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம், முறைதான் என்றார். சித்தப்பாவைப் பார்த்தாள். அவரும் தலையாட்டினார், சீர் விஷயத்தில் பிறந்தவள் கண் கலங்கினால் மூன்று தலைமுறைக்கு ஆகாது என்றும் சேர்த்துக்கொண்டார். தமயந்தி உள்ளே போய், கைகளில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, பானைக்குக் குங்குமம் வைத்து, பொங்கப் பொங்க அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எறக்கிட்டியா புள்ள," என்று தெய்வசிகாமணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"எறக்கலீங்க மாமா. உங்கக்காளுக்குச் சீர் கொண்டு போறேன். மேளத்துக்குச் சொல்லுங்க."

சாரதாமணியின் முகம் போன போக்கைப் பார்க்க அன்றைக்கு ஊரே கொடுத்துவைத்திருந்தது. வேண்டாம் என்று சொன்னால் பிறந்த வீட்டுச் சீரைத் தட்டிவிட்டவள் ஆவாள், அதைவிடச் செத்துப்போகலாம். வேண்டும் என்று சொல்லலாம் என்றால், அவள் புதிதாக டைல்ஸ் ஒட்டிய அடுக்களை கண் முன்னால் வந்தது. அவள் பொறந்தவள் என்ற பெருமையோடு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று ஊர் பேசிக்கொண்டது. மண்டபத்திலிருந்து மேளக்காரர்கள் வந்தார்கள், முன்னால் தெய்வசிகாமணி தேங்காய்ப்பழத் தட்டோடு நடக்க, பின்னால் தமயந்தி பானையோடு நடக்க, அதற்கும் பின்னால் வரிசை வரிசையாகவே கலையாமல் நடக்க, தெரு நெடுக வெள்ளைக்கோடு போட்டபடி பால் அடுத்த தெருவுக்குப் போய், சாரதாமணியின் கேஸ் அடுப்பில் ஏறியது. ஏறியதும் அங்கேயும் பொங்கியது. யாரும் அதில் ஆச்சரியப்படவில்லை. குழாய் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். பட்டறைக்காரர் அளவெடுக்க ஆரம்பித்தார்.

தமயந்தி மட்டும் திரும்பி வந்தாள். கடையில் அவளையும் பூனைகளையும் தவிர யாரும் இல்லை. செங்கல்லில் ஏறியிருந்த பாலாடையைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, காயவிட்டாள். பலகை மேல் கிடந்த மஞ்சள் துணியை உருவி, அதாலேயே அடுப்பைத் துடைத்தாள். தேங்காய்த்தொட்டிக் கரியைப் பரப்பி, நடுவில் குவித்து, தன் கையால் பற்றவைத்தாள். முதலில் புகைந்தது; பிறகு விசிறி விசிறி அவள் தோள் வலிக்க ஆரம்பித்தபோது, கரி ஒவ்வொன்றாகச் சிவந்து, அடுப்பு நீளத்துக்கும் தணல் பிடித்தது. முகத்தில் சூடு அடித்தது. இதைத்தான் தனக்கு ஆகாது என்றார்கள் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். காலையில் கோத்து வைத்த கம்பிகளை வரிசையாக வைத்தாள். மிளகாயும் நெய்யும் கலந்து சொட்டி, தணலில் சீறி, புகைக்கூண்டு வழியாக மேலே போன வாசம், பெட்ரோல் பங்கைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி, அடுத்த தெருவில் போசியோடு நின்றவர்களின் மூக்கில் போய் ஏறியது.

மகா பாவம் என்று தீர்ப்புச் சொன்ன தலைவர்தான் முதலில் வந்தார். பால் பானைதான் இப்போது இங்கே இல்லையே, அதனால் பாவமும் இல்லை என்று வழியிலேயே புதுத் தீர்ப்பை எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஈஸ்வரமூர்த்தி வந்தார். சித்தப்பா வந்தார். தயிரும் மோருமாகத் தின்று நாக்குச் செத்துப்போயிருந்த ஊர் முழுக்க, பாலுக்குக் கொண்டுவந்த அதே போசிகளோடு வந்து அடுப்புக்கு எதிரில் நின்றது. கடைசியாக, வேர்க்க விறுவிறுக்க தெய்வசிகாமணி ஓடிவந்தான்.

"மொதல் கம்பிய எடு புள்ள," என்றான், மூச்சு வாங்கியபடி. "சாமிக்குக் காட்டிட்டுத் தலைவருக்குக் குடு. அப்பறம் சித்தப்பாவுக்கு. அக்காளுக்கு ஒரு பங்கு எடுத்து வெச்சிரு, அவ அடுப்புல ஒண்ணும் வெக்க முடியாது. அப்பறம் வந்தவங்களுக்கு. கடைசியில மிச்சமிருந்தா நாம பாத்துக்கலாம்."

தமயந்தி முதல் கம்பியை எடுத்தாள். ஓரம் கருகி, நடுவில் பொன்னாக வெந்திருந்தது. தணல் முன்னால் நின்றபடியே ஒரு துண்டை உருவி, ஊதி, வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அவசரப்படவில்லை. அடுத்த துண்டையும் உருவினாள். தெய்வசிகாமணியின் கை நீட்டியபடியே நின்றது, தலைவரின் போசி நீட்டியபடியே நின்றது. கம்பி காலியானதும் அதைக் கழுவி மாட்டிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வந்திருக்குதுங்க," என்றாள். "இனி ஒவ்வொருத்தரா வாங்க."

சாரதாமணி வீட்டில் பால் இன்றைக்கும் பொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், அப்படியா, எங்கள் பக்கத்திலும் ஒரு வீட்டில் மோர் அப்படி வந்தது என்று சாதாரணமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால், ஊர்ப் பெரிய மனுஷர்களும் கட்டின புருஷனும் பசியோடு பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு பொம்பிளை தன் அடுப்பு முன்னால் நின்று முதல் கறியைத் தானே தின்றாள் என்று சொன்னால் மட்டும் ஒருவரும் நம்புவதில்லை. கதை விடுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்கிறார்கள்.